பால் சொசைட்டி அண்ணன், ஆஷா அக்கா, லைன்மேன் மாமா: சின்னக் குழந்தைகளுக்குச் சொல் சேர்ப்பது பற்றிக் கேள்வி பதில்

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் நமக்காக வேலை செய்கிறவர்களைப் பற்றிக் குழந்தைகளைப் பேசவைப்பது எப்படி என்று பலரும் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, மூன்று வயதுப் பெண்ணின் அம்மா: டீச்சர், படச் சார்ட் வாங்கி மாட்டியிருக்கேனுங்க. டாக்டர், போலீஸ், தீயணைப்பு வீரர்னு விரல் வெச்சுச் சொல்றா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வர மாட்டேங்குது.

சார்ட்டில் இருப்பவர்களில் எத்தனை பேரை அவள் நேரில் பார்த்திருக்கிறாள்? பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பெயரோடு நின்றுவிடும். தினம் கண்ணில் படுகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள். நம் பக்கம் காலையில் பால் சொசைட்டிக்குப் போகாத வீடு குறைவு. அவளையும் கூட்டிப் போங்கள். அண்ணன் பாலை அளக்கிறார், ஊற்றுகிறார், பாலின் தரம் பார்க்கும் லேக்டோமீட்டரை மிதக்க விடுகிறார், நோட்டில் எழுதுகிறார். கேன், மூடி, நுரை, புனல், வரிசை என்று ஒரே இடத்தில் எத்தனை சொற்கள்! அவற்றை அங்கேயே, நடக்கும்போதே சொல்லுங்கள். திரும்பும் வழியில் "அண்ணன் முதல்ல என்ன செஞ்சாரு? அப்புறம்?" என்று கேளுங்கள். பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்தான் முக்கியம். அது வந்தால்தான் வாக்கியம் வரும். மறுநாள் டம்ளரும் சொம்பும் கொடுத்தால் அவளே சொசைட்டி வைத்து விளையாடுவாள். நீங்கள் பால் ஊற்ற வந்தவராக நில்லுங்கள். அந்த விளையாட்டில் பேச்சு தானாக நீளும்.

சார்ட்டைக் கழற்ற வேண்டாம். இதெல்லாம் ஆன பிறகு அதைப் பார்த்தால் அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

வேலந்தாவளம், தாத்தா: அம்மணி, பேரன் அங்கன்வாடியில மலையாளம் கேக்குறான், ஊட்டுல தமிழ். "பச்சக் கோட்டு சேச்சி வன்னு, பிளாஸ்டிக் எடுத்துட்டுப் போச்சு"ங்கறான். ரெண்டும் கலந்து கெட்டுப்போயிருமுங்களா?

கெடாதுங்க ஐயா. இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தை கலந்து பேசுவது இயல்பு. சில சொல் ஒரு மொழியில் இருக்கும், சில சொல் இன்னொன்றில். இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அவன் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்: யார் வந்தார், என்ன உடுத்தியிருந்தார், என்ன செய்தார். "அப்படிச் சொல்லக்கூடாது" என்று திருத்தாதீர்கள். "ஆமாஞ்சாமி, பச்சக் கோட்டு அக்கா வந்தாங்க, சாக்குல கட்டி எடுத்துட்டுப் போனாங்க" என்று முழுசாகத் திருப்பிச் சொல்லுங்கள், போதும். தமிழ் ஊன்ற வேண்டுமானால் ராத்திரி கதை தமிழில் இருக்கட்டும். அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதே வீட்டிலிருந்து மருமகள்: அந்த அக்காவை எங்க பக்கத்து வீட்ல "குப்பக்காரி"ங்கறாங்க. பையனும் அதையே பிடிச்சுக்கிட்டான்.

அவர்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் கழிவு எடுக்கும் ஹரித கர்ம சேனைக்காரர்கள். "வந்தா", "போனா" என்று நாம் சொன்னால் குழந்தையும் அப்படியே சொல்லும். டாக்டருக்கு "வந்தாங்க", இவருக்கு "வந்தா" என்றால், யாரை மதிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்கிறது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அடுத்த முறை வரும்போது பேர் கேட்டு, பேரோடு அக்கா சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள். கழுவிக் காயவைத்த கவர்களை அவன் கையாலேயே கொடுக்கட்டும்.

எருத்தேன்பதி, ஒரு அம்மா: எங்க வீட்டுக்காரர் தென்னையில கள் இறக்கறவருங்க. பள்ளிக்கூடத்துல "அப்பா என்ன வேலை?"னு கேட்டா பையன் பேசாம நிக்கறான்.

தாராளமாகச் சொல்லச் சொல்லுங்கள் தாயி. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு நம் சித்தூர்ப் பக்கத்திலிருந்துதான் கள் போகிறது. குடியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, வேலையைப் பற்றிப் பேசலாமே. அப்பா விடியலில் எழுகிறார், மரம் ஏறுகிறார், பாளையைத் தட்டுகிறார், சீவுகிறார், பானை கட்டுகிறார். எவ்வளவு உயரம், கால் எங்கே வைப்பது, மழையில் ஏன் வழுக்கும் என்பதையெல்லாம் அப்பா வாயாலேயே கேட்கட்டும். வகுப்பில் வேறு எந்தக் குழந்தைக்கும் தெரியாத சொற்கள் அவனிடம் இருக்கும். டீச்சரிடம் நீங்களே ஒரு தடவை பேசுங்கள்.

மீனாட்சிபுரம், அப்பா: போன்ல வீடியோ போட்டுக் காட்டினா வார்த்தை சீக்கிரம் வருமா?

பதில் சொல்லிப் பேச ஆள் வேண்டும். வீடியோ பதில் சொல்லாது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

வடகரப்பதி, பாட்டி: நர்சையும் போலீசையும் கண்டா பேத்தி அலறுறா.

"சாப்பிடலேன்னா ஊசி போட்டுருவாங்க", "போலீஸ் பிடிச்சுட்டுப் போயிரும்" என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? அதை இன்றே நிறுத்துங்கள். சித்தூர் கொங்கன்படைத் திருவிழாக் கூட்டத்தில் அவள் கை நழுவினால் தேடிப் போக வேண்டியது அந்தப் போலீஸைத்தானே? தன் பேர், அப்பா அம்மா பேர், ஊர்ப் பேர் மூன்றையும் பயமில்லாமல் சொல்லப் பழக்குங்கள். பெரியவர்கள் அவசர உதவி எண் 112-ஐயும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் நினைவில் வைத்திருங்கள். நர்ஸ் பயம் போக, வீட்டில் பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடலாம். "வலிக்கும், கொஞ்ச நேரத்துல போயிரும்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

கோவிந்தாபுரம், அம்மா: பையனுக்கு ரெண்டரை வயசு. பத்து வார்த்தைகூடச் சொல்றதில்ல. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்"னு மாமியார் சொல்றாங்க.

காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் சுமார் 50 சொற்களும், "அம்மா வா", "பால் ஊத்து" என்று இரண்டைச் சேர்த்துச் சொல்வதும் வந்திருக்க வேண்டும். முதலில் காது கேட்பதைச் சோதிக்க வேண்டும். உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடமோ அங்கன்வாடி டீச்சரிடமோ இந்த வாரமே சொல்லுங்கள். மாவட்டத்தில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்குப் போக வழி சொல்வார்கள். போகும்போது அவன் சொல்லும் சொற்களை எல்லாம் எழுதி எடுத்துப் போங்கள். மலையாளச் சொல்லையும் விடாமல் எழுதுங்கள், தமிழை மட்டும் எழுதினால் கணக்கு குறைந்து தெரியும்.