சாதுவாக இருப்பது குற்றமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் சாது. வகுப்பில் நான்கு பேர் தினமும் அவன் டிபன் டப்பாவை ஒளித்து வைக்கிறார்களாம். “உன் சுபாவம் அப்படி, நீதான் மாற வேண்டும்” என்கிறார் அவன் அப்பா. சரியா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: சரியில்லை, அம்மா. சுபாவத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1970களிலிருந்து பள்ளிகளில் நடக்கும் சீண்டலை ஆராய்ந்த நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ், பதற்றப்படுகிற, திருப்பி அடிக்காத பிள்ளைகள் அதிகம் சிக்குவதைக் கண்டார். ஆனால் சீண்டல் தொடரத் தொடரப் பிள்ளை இன்னும் ஒடுங்கிப்போகிறான். எது காரணம், எது விளைவு என்று எப்படிப் பிரிப்பது? சீண்டுகிறவன் உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோமே, அதுவும் அவர் ஆய்வில் நிற்கவில்லை.

நான் படித்த வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். வருகைப் பதிவின்போது அவன் ‘உள்ளேன் ஐயா’ என்று வாயெடுத்தாலே பின்பெஞ்சில் இருவர் ‘உ... உ...’ என்பார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை, சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புதான் அவர்களுக்குத் தீனி என்பது வெகுகாலம் கழித்தே உறைத்தது.

மகனை மாற்றுவதை விடுங்கள். சாப்பாட்டு வேளையில் உடன் உட்கார ஒரு நண்பன் இருக்கிறானா என்று பாருங்கள். யார், என்றைக்கு, என்ன செய்தார்கள் என்று நோட்டில் குறித்து வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். ஐந்து பேரையும் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்லும் சமாதானம் மட்டும் வேண்டாம். பள்ளி அசையாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. டப்பா கிடைப்பதற்குள் மணி அடித்துவிடுகிறதா என்றும் கேளுங்கள். பசியோடு வீடு திரும்புவதை அவனாகச் சொல்ல மாட்டான்.