புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் எச்சம் எதையாவது இன்றும் பார்க்க முடியுமா?

கோட்டை என்று கேட்டால், இல்லை. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், கோட்டை இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1769 ஜூனில், சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்த இடிபாட்டின் மேலேயே ஆய்வுக்கூடம் போட்டுக் காத்திருந்தார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது, பாவம். ஊரைச் சுற்றி மதில் ஓடிய தடத்தை இன்றைய புல்வார் சாலைகளில் நடந்தால் ஓரளவு பிடிக்கலாம்.

கண்ணால் பார்க்க இடிபாடுதான் வேண்டும் என்றால் அரியாங்குப்பம் பக்கம் அரிக்கமேட்டுக்குப் போங்கள். ரோமானிய மதுச்சாடிகளும் மணிகளும் கிடைத்த அதே இடம்தான். ஆனால் மேலே நிற்பது ரோமானியர் காலத்துச் சுவர் அல்ல, 18ஆம் நூற்றாண்டு மிஷன் வீடு. நான் போனபோது அங்கே சுற்றிக்கொண்டிருந்த பாதிப் பேர் அதை ரோமானியக் கட்டடம் என்றே நினைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்! கூரை இல்லை. வளைவு வாசல்களோடு செங்கல் சுவர் நிற்கிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் வளைவுக்குச் செங்கல்லை எப்படிச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள் என்பது வரிசை வரிசையாகத் தெரியும்.

அந்தச் சுவரின் கதை எனக்குக் கோட்டையைவிடப் பெரிதாகப் படுகிறது. சயாமின் (இன்றைய தாய்லாந்து) அயுத்தயாவில் பாதிரிமார் பயிற்சிக்காகத் தொடங்கிய குருமடம் ஒன்று பர்மியப் படையெடுப்புக்குத் தப்பி, கம்போடியா ஓரத்தில் கொஞ்ச காலம் ஒண்டிக்கொண்டு, 1770 வாக்கில் அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினம் கரைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குருமடத்தின் வீடுதான் இது. பினோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் குருமடத்தை நடத்தினார். இங்கிருந்தபோதுதான் வியட்நாமியர்களின் துணையோடு வியட்நாமிய–லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1774இல் மயிலாப்பூரில் ஆயராக அருட்பொழிவு பெற்று, வியட்நாம் திரும்பி, அங்கே அரசுரிமைப் போரில் நுயென் ஆன் பக்கம் நின்றார். அந்த நுயென் ஆன்தான் 1802இல் பேரரசர் ஜியா லாங் ஆனவர். இதில் பெரும்பாலான செய்தி அந்த இடத்தில் எழுதியில்லை, படித்துவிட்டுப் போவது நல்லது.

அரிக்கமேட்டுக்குப் போக, காக்காயந்தோப்பு என்று சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். அகழ்வில் கிடைத்த சாடித் துண்டுகளும் மணிகளும் பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தில் இருப்பதால், திரும்பி வரும்போது அங்கேயும் ஒரு எட்டு போய்விட்டு வரலாம்.