இரவில் மறையும் சமிக்ஞை: மீன் நகர்ந்ததா, ஒலி அமுங்கியதா?

வணக்கம். பாறைத்திட்டில் ஒலிக்குறி (ஒலித்துடிப்புகளை அனுப்பும் சிறு கருவி) பொருத்திய மீன்களின் சமிக்ஞை அந்தி சாய்ந்ததும் குறைந்து விடிந்ததும் மீள்வதாகவும், அதை இரைதேடும் இடப்பெயர்வு என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எழுத வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆழமற்ற கரையோர நீரில் பல இடங்களில் இருட்டத் தொடங்கியதும் சொடுக்கு இறால்களின் ஓசை பெருகும். காய்ந்த சுள்ளி எரிவது போன்ற அந்தச் சடசடப்பில் குறிகள் அனுப்பும் 69 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகள் அமுங்கி, ஏற்பி (அத்துடிப்புகளைப் பதியும் நீரடிக் கருவி) கேட்கும் தூரம் சுருங்கிவிடுவதால், பாறையடியிலேயே கிடக்கும் மீனும் வெளியேறிவிட்டதாகப் பதிவில் தோன்றும். ஆகவே ஏற்பியிலிருந்து 100, 200, 300 மீட்டர் தொலைவுகளில் அசையாத குறிகளைக் கடலடியில் கட்டி, குறைந்தது ஒரு நிலவுச் சுழற்சி முழுவதும் விட்டுவையுங்கள். அவற்றின் பதிவும் இரவில் அதே அளவு குறைந்தால், நீங்கள் அளந்தது மீனின் நடமாட்டத்தை அன்று, கடலின் இரைச்சலை.

அவை குறையாதிருந்தால், பக்கத்துக் கடற்புல் படுகையிலும் ஏற்பி வையுங்கள். பகலில் பாறையில் ஒதுங்கி இரவில் புல்வெளியில் மேயும் மீன்கள் பல உண்டு.

பிற்பகலில் பிடித்த மீன்களின் வயிறு வெறுமையாக இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அது எனக்கு வியப்பளிக்கவில்லை, இரவில் தின்றது அதற்குள் செரித்திருக்கும். விடியலில் பிடித்துப் பாருங்கள். கூடவே தசைத் துண்டில் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தையும் (உண்ட உணவுக்கேற்ப மாறும் கனமான, இலேசான கார்பனின் விகிதம்) அளந்துவிடுங்கள். கடற்புல்லின் மதிப்பு பெரும்பாலும் ஆயிரத்துக்கு மைனஸ் 10-ஐயும், மிதவைப் பாசியினது மைனஸ் 20-ஐயும் ஒட்டியிருப்பதால், பல வாரங்களாக மீன் எங்கே மேய்ந்தது என்பதைத் தசையே காட்டிக்கொடுக்கும்.