நிரூபணங்களால் என்ன பயன்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கட்டுப்பாட்டியலில் (கன்ட்ரோல் தியரி) பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். தலைப்பு அடாப்டிவ் கன்ட்ரோல், அதாவது சூழலுக்கு ஏற்பத் தன் எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும் கன்ட்ரோலர். வாசிக்கிற கட்டுரை எல்லாம் ஒரே அச்சு: தேற்றம், நிரூபணம், கடைசியில் ஒரு சிமுலேஷன். ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன், "எங்களுக்கு பிஐடி (ஆலைகளில் வழக்கமாக இருக்கும் எளிய கன்ட்ரோலர்) போதும், உன் தேற்றத்தை வைத்து என்ன செய்ய?" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த நிரூபணங்களால் யாருக்கு என்ன பயன்?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

அண்ணன் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் அவருடைய கன்ட்ரோலரில் ஆட்டோ-டியூன் பொத்தான் இருந்தால், அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். பல கருவிகளில் கன்ட்ரோலர் கொஞ்ச நேரம் ரிலேயாக, அதாவது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சாக மாறி, வெளியீட்டை வேண்டுமென்றே மேலும் கீழும் ஆடவிடும். அந்த ஆட்டத்தின் வீச்சையும் கால அளவையும் வைத்துத் தன் எண்களைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஸ்வீடனின் லுண்டில் ஆஸ்ட்ரமும் ஹேக்லுண்டும் 1984இல் வெளியிட்ட முறை அது. அதே ஆஸ்ட்ரம்தான் 1973இல் விட்டன்மார்க்குடன் சேர்ந்து தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் செல்ஃப்-டியூனிங் ரெகுலேட்டர் பற்றி எழுதியவர். அண்ணனின் பிஐடிக்குள் உங்கள் துறை ஏற்கெனவே இருக்கிறது.

நிரூபணத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் இந்தத் துறை நிரூபணம் இல்லாமலேதான் ஓடியது. பறக்கும் நிலைக்கு ஏற்பத் தன் கெயினைத் (பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்ற எண்) தானே மாற்றிக்கொள்ளும் கருவியை அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் ஒன்றில் பொருத்தினார்கள். 1967 நவம்பர் 15 அன்று அந்த விமானம் வானிலேயே உடைந்து, விமானி மைக்கேல் ஆடம்ஸ் இறந்தார். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அடர்த்தியான காற்றுக்குள் இறங்கும்போது அந்தக் கருவி ஓர் அலைவில் மாட்டிக்கொண்டு கெயினைக் குறைக்காமல் விட்டது.

இப்படிப்பட்ட கன்ட்ரோலர் கட்டுமீறிப் போகாது என்று காட்டும் முழுமையான நிலைத்தன்மை நிரூபணங்கள் 1980இல்தான் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து யேலுக்குப் போன நரேந்திராவும் அவருடன் லின், வலவானியும் எழுதியது ஒன்று. மோர்ஸ் எழுதியது ஒன்று, குட்வின் குழு எழுதியது ஒன்று. பிரச்சினை தீர்ந்தது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். இரண்டே வருடத்தில் எம்ஐடியில் ரோர்ஸ் தன் ஆய்வேட்டில் அதை ஆட்டம் காண வைத்தார். 1985இல் வந்த கட்டுரையில் அவருடன் இருப்பவர்களில் ஒருவர், 1980 நிரூபணத்தில் பெயர் உள்ள அதே வலவானி. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

அவர்கள் எடுத்த உதாரணம் மிக எளிது. தான் கட்டுப்படுத்தும் அமைப்பு முதல் வரிசை (மிக எளிய வகை) என்று கன்ட்ரோலர் நம்புகிறது. உண்மையில் அதோடு வேகமாக அடங்கிவிடும் ஓர் இரண்டாம் வரிசை இயக்கமும் ஒட்டியிருக்கிறது. வெளியீட்டில் ஒரு சிறு சைன் அலை கலந்தால் போதும், பிழை (வேண்டிய வெளியீட்டுக்கும் உண்மையான வெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசம்) பூஜ்யத்துக்கு வரவே வராது. கெயினை மாற்றும் தகவமைப்பு விதி அந்தப் பிழையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும், கெயின் மெல்ல ஏறும். வெகுநேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். கெயின் ஒரு எல்லையைத் தாண்டியதும், கணக்கில் எடுக்காத அந்த இயக்கம் மொத்தத்தையும் கவிழ்த்துவிடும்.

1980 தேற்றம் பொய்யாகவில்லை, அதன் ஓர் அனுமானம் உடைந்தது. எது உடைந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்ததே அந்தத் தேற்றம் எழுதப்பட்டிருந்ததால்தான். அதனால்தான் இயோனூ, கோகோடோவிச் என்ற ஆய்வாளர்கள் கெயின் நழுவாமல் பிடித்து நிறுத்தும் திருத்தத்தைச் சொல்ல முடிந்தது.

அதனால் கட்டுரையில் அனுமானங்கள் உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள். அப்புறம், சிமுலேஷனில் அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ரோர்ஸின் உதாரணத்திலிருந்தே தொடங்கலாம்: முதல் வரிசைப் பகுதிக்கு 2/(s+1), அதோடு பெருக்க, கணக்கில் எடுக்காத இயக்கத்துக்கு 229/(s²+30s+229), சைன் அலைக்கு நொடிக்கு 16.1 ரேடியன். கெயினைத் தனி வரைபடமாகப் போட மறக்காதீர்கள், வெளியீட்டை மட்டும் பார்த்தால் ஏறுவது தெரியாது.