கிரீஸ் டிராப்: பவுடர் போட்டால் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் மதுரையில் சின்ன மெஸ் நடத்துகிறோம். பாத்திரம் கழுவ இரண்டு தொட்டிகள். போன வருடம், கழுவிய தண்ணீரிலுள்ள எண்ணெயைப் பிடிக்கும் 25 லிட்டர் பெட்டி, அதாவது கிரீஸ் டிராப், வாங்கிப் பொருத்தினோம். "மாதம் ஒரு பாக்கெட் என்சைம் பவுடர் போடுங்க, திறந்து பார்க்கவே வேண்டாம்" என்றார் விற்றவர். இப்போது வெளியே சாக்கடைத் தொட்டி (சேம்பர்) அடிக்கடி அடைத்து, தண்ணீர் சமையலறைக்குள் வருகிறது. கேட்டால், "நீங்க உபயோகிச்சது சரியில்ல, வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்குங்க" என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. உங்களிடம் சொல்லி விற்ற விஷயமே தவறு.

கிரீஸ் டிராப் கொழுப்பைப் பிடித்து வைக்கும், கரைத்து ஒழிக்காது. கழுவிய தண்ணீர் உள்ளே சற்று நின்றால் எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் தடுப்புத் தகட்டின் கீழே புகுந்து வெளியேறும். மிதப்பதும் படிவதும் சேர்ந்து மொத்த ஆழத்தில் கால் பங்கு ஆகிவிட்டால் அள்ளியே ஆகவேண்டும். என்சைம் கொழுப்பை இளக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடும். அது குழாயில் கொஞ்ச தூரம் போய், ஆறி, மறுபடி உறையும். உங்கள் சேம்பர் அடைப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம். அடைப்பெடுக்கக் காஸ்டிக் சோடா கொட்டச் சொன்னாலும் கேட்காதீர்கள். கொழுப்போடு சேர்ந்து சோப்புக் கட்டியாகிவிடும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

அடுத்தது அளவு. 60 செ.மீ. நீளம், 45 அகலம், 30 ஆழம் உள்ள தொட்டி 81 லிட்டர் பிடிக்கும். முக்கால் தொட்டித் தண்ணீரை ஒரே நிமிடத்தில் திறந்துவிட்டால் 60 லிட்டர் பாய்கிறது. இரண்டையும் சேர்ந்தாற்போல் திறந்தால் 120. இந்த வேகத்தில் 25 லிட்டர் பெட்டிக்குள் எண்ணெய் மிதக்க நேரமே கிடைக்காது. தொட்டி அளவைக் கேட்காமல் டிராப் விற்பவரிடம் வாங்கவே கூடாது. பெரிதாக மாற்றும்வரை தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள்.

சுத்தம் செய்ய நல்ல நேரம் காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன். இரவெல்லாம் ஆறிக் கொழுப்பு கெட்டியாக இருக்கும், கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். அப்புறம் அடிச்சகதியை அள்ளி, தகட்டையும் சுரண்டி, மூடியின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பலரும் மறப்பது ஒன்று: மூடும் முன் பச்சைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் முதலில் வரும் எண்ணெய் நேராக வெளியே போய்விடும். உங்கள் பெட்டிக்கு வாரம் இரண்டு முறையாவது தேவைப்படும். குச்சி விட்டு ஆழம் பார்த்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று முடிவு செய்யுங்கள்.

கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடித்த தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள், பிடித்து வைத்த கொழுப்பெல்லாம் உருகி ஓடிவிடும். சால்னா, குழம்புச் சட்டிகளைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவினாலே பாதி வேலை குறையும். பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் சேருங்கள், பயோடீசலுக்கு வாங்குகிறார்கள். டிராப்பில் வழித்த அழுக்கை அதில் கலந்தால் வாங்கமாட்டார்கள். அந்த அழுக்கை மழைநீர் வடிகாலில் கொட்டுவதும் கூடாது.

சரி, பணம்? வியாபாரத்துக்கு வாங்கியது, புகார் செல்லாது என்று விற்றவர் சொல்லக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கணவனும் மனைவியுமாக மெஸ் நடத்தும் நீங்கள் அப்படி வாதிடலாம். பில், விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை.

பின்னால் யாரோடு பராமரிப்பு ஒப்பந்தம் போட்டாலும், "முழுவதும் காலி செய்து, சுரண்டி, நீர் நிரப்பித் தரவேண்டும்" என்ற வரி அதில் இருக்கட்டும். மேல்படலத்தை மட்டும் வழித்துவிட்டுப் போவது சகஜமாக நடக்கிறது. வேலை முடிந்ததும் மூடி திறந்தபடி ஒரு போட்டோ கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்தில் தரைக்கடியில் ஆறடி ஆழ கிரீஸ் குழி. லாரிக்குப் பதில் ஓர் ஆள் இறங்கிக் குறைந்த கூலிக்கு அள்ளித் தருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: எந்தக் கூலிக்கும் சம்மதிக்காதீர்கள். அழுகிய கொழுப்பிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் தெரியாமலே ஆள் சுருண்டு விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து சாகிறார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம் தடை செய்கிறது. உங்கள் குழியிலும் அதே வாயுதான். உரிமம் உள்ள உறிஞ்சு லாரியை வரவழையுங்கள். முகூர்த்த மாதங்களில் மாதம் ஒரு முறை, மற்ற நாட்களில் கால் பங்கு கணக்குப் பார்த்து. எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று எழுதிய ரசீதையும் வாங்கி வையுங்கள்.