சொத்தைப் பல்லும் நீலக் கண்ணாடியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பெர்லினில் படிக்கிறாள். சென்ற வாரம் கைசர் வில்ஹெல்ம் நினைவு தேவாலயத்தின் முன்னால் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். குண்டுவீச்சில் தலை உடைந்து நிற்கும் பழைய கோபுரம். அதன் பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் ஒரு கான்கிரீட் பெட்டி. அதுதான் புதிய தேவாலயமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய படங்களில் எவ்வளவு அழகாக இருக்கிறது! அதே மாதிரி திரும்பக் கட்டியிருக்கலாமே? நவீனம் என்று சொல்லி வழிபாட்டிடத்தைத் தொழிற்சாலைபோல ஆக்குவது, அழிந்த கட்டடத்துக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா?

கா.

அன்புள்ள கா.,

பகலில், வெளியே நின்று பார்த்தால் நீங்கள் சொல்வது உண்மைதான். சதுரச் சதுரமாகக் கான்கிரீட் சட்டங்கள், அவற்றுக்குள் கறுத்துத் தெரியும் கண்ணாடி. நானும் முதல்முறை அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமலே திரும்பியிருக்கிறேன். இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன்.

ஆனால் "அதே மாதிரி" என்கிறீர்களே, அது எந்த மாதிரி? ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தன் தாத்தா முதலாம் வில்ஹெல்மின் நினைவாகக் கட்டுவித்து 1895இல் திறந்த தேவாலயம் அது. ஃபிரான்ஸ் ஷ்வெக்டன் வடிவமைத்தது. கோபுரம் 113 மீட்டர். இடிபாட்டின் அடியில் மிஞ்சியிருக்கும் முகப்பு மண்டபத்தில் மொசைக் ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். அங்கே ஹோஹென்சொல்லர்ன் அரச குடும்பத்தார் வரிசையாக நடந்து வருகிறார்கள். கடவுளின் வீட்டில் தன் குலப் பெருமையைப் பதித்துவைத்த அதே பேரன்தான் 1914இல் ஜெர்மனியைப் போருக்குள் கொண்டுபோனவர். 1943 நவம்பரில், அடுத்த போரில், பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகளில் தேவாலயம் எரிந்தது. அதை அச்சு அசலாக மறுபடி எழுப்பியிருந்தால் நடுவில் நடந்தது எதுவுமே நடக்காததுபோல ஆகியிருக்கும்.

நீங்கள் நினைப்பதுபோல நவீனவாதி ஒருவரின் பிடிவாதத்தால் வந்ததும் அல்ல இது. புதிய தேவாலயத்துக்காக நடந்த வடிவமைப்புப் போட்டியில் 1957இல் வென்ற கட்டடக் கலைஞர் எகான் ஐயர்மானின் திட்டத்தில் பழைய கோபுரத்துக்கு இடமே இல்லை. முழுவதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாகத்தான் இருந்தது. பெர்லின் மக்கள் கொதித்துப்போனார்கள். உங்களைப்போலவே பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த மொட்டைக் கோபுரத்தைச் "சொத்தைப் பல்" என்று செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் அதைப் பிடுங்கவிடவில்லை. ஐயர்மான் திட்டத்தை மாற்றினார். இடிபாட்டின் ஒரு பக்கம் எண்கோணத் தேவாலயம், மறுபக்கம் அறுகோண மணிக்கூண்டு. அவற்றுக்கும் பெயர் வந்துவிட்டது: பவுடர் டப்பா, லிப்ஸ்டிக்!

கட்டடக் கலைஞர் நினைத்ததும் நடக்கவில்லை, பழையது முழுசாக வேண்டும் என்றவர்கள் நினைத்ததும் நடக்கவில்லை. இடிந்ததை இடிந்தபடியே விட்டு, அதன் சாயலைத் தொடாமல் பக்கத்தில் ஒன்றைக் கட்டினார்கள். எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை தெரியவில்லை.

இனி உள்ளே வாருங்கள். வெளியே கறுப்பாகத் தெரிந்த கண்ணாடி உள்ளே நீலமாகிவிடுகிறது. சுற்றிலும், தலைக்கு மேல் வரை, நீலம். ஆங்காங்கே சிவப்பு, பச்சை, மஞ்சள் பொறிகள். 20,000க்கும் மேற்பட்ட இந்தக் கண்ணாடிகளைச் செய்தவர் கேப்ரியல் லுவார், பிரான்சின் ஷார்த்ர் ஊரில் பட்டறை வைத்திருந்தவர். நான்கு வருடம் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நாட்டிலிருந்து பெர்லினுக்கு வந்த வெளிச்சம் இது. தடித்த கண்ணாடியைச் சுத்தியலால் கொத்திச் சில்லு எடுத்துக் கான்கிரீட்டில் பதித்திருக்கிறார்கள். கொத்துப்பட்ட முனை ஒவ்வொன்றிலும் ஒளி உடைந்து சிதறுகிறது. சுவரும் ஒன்றல்ல, இரண்டு. நடுவே சுமார் இரண்டரை மீட்டர் இடைவெளி. விளக்குகள் அந்த இடைவெளிக்குள் இருப்பதால் இரவில் உள்ளேயும் நீலம், வெளியேயும் நீலம். கூர்ஃபுர்ஸ்டென்டாம் சாலையின் வாகன இரைச்சலும் அங்கேயே நின்றுவிடுகிறது. நான் இரண்டாம் முறை போனபோது, கதவு மூடியதும் காதில் விழுந்த அமைதிதான் என்னை உட்காரவைத்தது.

பீடத்துக்கு மேல் கார்ல் ஹெம்மெட்டரின் கிறிஸ்து, 4.6 மீட்டர் உயரம், சிலுவை இல்லாமல் கைவிரித்து மிதக்கிறார். பக்கச் சுவரில் ஒரு கரி ஓவியம். ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் நகரில் முற்றுகைக்குள் சிக்கிய ஜெர்மானியப் படையில் இருந்த குர்ட் ராய்பர் என்ற மருத்துவர், ஒரு பாதிரியாரும்கூட, 1942 கிறிஸ்துமஸுக்கு ரஷ்ய வரைபடம் ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்தது. போர்வைக்குள் குழந்தையைப் பொத்திக்கொண்டிருக்கும் தாய். "ஒளி, வாழ்வு, அன்பு" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். 1944இல் போர்க்கைதியாகவே இறந்துபோனார்.

பழைய கோபுரத்துக்குள் ஆணிகளால் ஆன சிலுவை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்து வந்தது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் எரித்த கோவென்ட்ரி பேராலயத்தின் கூரை ஆணிகளிலிருந்து பிறந்த வடிவம் அது. அங்கும் கட்டடக் கலைஞர் பாசில் ஸ்பென்ஸ் இடிபாட்டை அப்படியே விட்டுப் பக்கத்தில்தான் புதியதைக் கட்டினார், 1962இல் திறந்தார்கள்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், அதே போரில் அழிந்த ஃபிரௌவென்கிர்ஷே தேவாலயத்தை 2005இல் பழையபடியே எழுப்பி முடித்தார்களே என்று கேட்பீர்கள். அதையும் நான் மதிக்கிறேன். அங்கேகூடக் கருகிய கற்களை வெளுக்காமல் புதிய கற்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்தே திட்டுத்திட்டாகத் தெரியும்.

பெர்லினின் புதிய தேவாலயத்தை 1961 டிசம்பர் 17 அன்று அர்ப்பணித்தார்கள். நகரத்துக்குக் குறுக்கே பெர்லின் சுவர் எழும்பத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த டிசம்பரில் நீல வெளிச்சத்துக்குள் முதன்முதலாக வந்து உட்கார்ந்தவர்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் எத்தனை பேருடைய சொந்தபந்தம் அந்தப் பக்கம் அகப்பட்டிருந்ததோ.

உங்கள் மகளை இருட்டிய பிறகு இன்னொரு முறை போகச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்காரட்டும். அந்த நாற்காலிகளையும் ஐயர்மான்தான் வடிவமைத்தார்.

அன்புடன்.