பயணத்தில் பார்த்த வீடு: கேள்வி பதில்

பல ஆண்டுகளாக வீடுகளை வடிவமைத்து வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் பையில் ஓர் அளவு டேப் இருக்கும். கேளுங்கள்.

கேள்வி: மொராக்கோவின் மராகேஷ் நகரில், நடுவே முற்றம் வைத்த ஒரு பழைய ‘ரியாத்’ வீட்டில் தங்கினோம். அந்த முற்றத்தை மறக்க முடியவில்லை. எங்கள் புது வீட்டில் அதேபோல வைக்கலாமா, ஐயா?

பதில்: வைக்கலாம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு வையுங்கள். அப்படியொரு முற்றத்தில் நண்பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். தரை ஓடு சில்லென்று இருந்தது. மொட்டைமாடிக்குப் போனால் கால் வைக்க முடியவில்லை. இரவில் குளிர்ந்த காற்று கனத்தால் கீழே இறங்கி முற்றத்தில் தேங்குகிறது. சுவர்கள் உயரமாகவும் இடைவெளி குறுகலாகவும் இருப்பதால் வெயில் தரையைத் தொடவே நேரமாகிறது. காற்று வறண்டு, பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் நன்றாக வேறுபடும் ஊரில்தான் இது முழுப் பலன் தரும். புழுக்கமான ஊரில் முற்றத்துக்கு வேறு வேலை: உள்ளே சேரும் சூட்டை மேலே அனுப்புவது. அதற்கு அறைகளின் எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வேண்டும்.

இன்னொன்று. முற்றத்தில் விழும் மழைநீர் எங்கே போகும்? தளத்துக்கு வாட்டம் வேண்டும், அறைகளைவிட ஒரு படியாவது தாழ்ந்திருக்க வேண்டும், வடிகால் இரண்டு வேண்டும். ஒன்று இலை அடைத்துக்கொள்ளும் நாளில்தான் பெருமழை வரும்.

கேள்வி: கிரேக்கத் தீவு சாண்டோரினியில் இருப்பது போல வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை. எங்கள் ஊரில் மழை அதிகம். சரிவருமா?

பதில்: அங்கே கோடையில் மழை அரிது. பல வீடுகள் எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்தவை. சுவருக்குத் திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். மழை அதிகமுள்ள ஊரில் கூரை விளிம்பு வெளியே நீளாத வெள்ளைச் சுவர் வெகு சீக்கிரம் பாசி பிடித்துக் கறுக்கும். வெள்ளை வேண்டுமென்றால் அகலமான இறவாரத்தின் கீழே வையுங்கள். தட்டைக் கூரையானால் மழைநீர் எங்கே போகும் என்பதை முதலில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பார்த்ததைக் கொண்டுவராதே என்கிறீர்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இத்தாலியத் தோட்டங்களை மனத்தில் வைத்துத்தானே தன் லுனுகங்க தோட்டத்தை உருவாக்கினார்?

பதில்: கொண்டுவராதே என்று நான் சொல்லவில்லை. பாவா நல்ல உதாரணம். 1948இல் அந்த நிலத்தை வாங்கினார். கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றதே 1957இல், 38 வயதில். இத்தாலியிலிருந்து அவர் எடுத்துவந்தது, பார்வையை வழிநடத்தும் கலையை. வீட்டின் எதிரே இருந்த குன்றின் உச்சியைத் தாழ்த்தி, ஏரியும் தொலைவிலுள்ள பௌத்த தாதுகோபமும் தெரியும்படி செய்தார். மரங்களோ அந்த வெப்பமண்டல மண்ணில் செழிப்பவை.

கேள்வி (அதே வாசகர்): அது மேதைகளுக்கு. என்னைப் போன்றவர்கள் நிறத்தைப் பார்த்து மயங்குகிறோம், நிறத்தைக் கொண்டுவருகிறோம். அதில் என்ன குற்றம்? மெக்சிகோ கட்டடக் கலைஞர் லூயிஸ் பாரகான் நிறத்தால்தானே புகழ்பெற்றார்?

பதில்: குற்றமே இல்லை. உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெக்சிகோ நகரில் அவர் 1948இல் கட்டிய வீட்டின் படிக்கட்டைப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தை ஒரு பொன்முலாம் பலகை வாங்கி, கீழே கூடம் வரை அனுப்புகிறது. நிறம் அங்கே வெளிச்சத்தோடு சேர்ந்து உழைக்கிறது. இன்னோர் உதாரணம்: டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சான் 1949இல் மெக்சிகோவில், பழங்கால மாயா மக்கள் கட்டிய கல்மேடைகளில் ஏறினார். அடர்காட்டுக்குள் மூடிக்கிடந்தவனுக்கு மேடை ஏறியதும் வானம் முழுவதும் திறந்துவிடுகிறது. அந்த அனுபவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்; 1973இல் திறந்த சிட்னி ஓபரா அரங்கின் பெரும் மேடையில் அது இருக்கிறது. மாயாச் சிற்ப வேலை ஒன்றுகூட அங்கே இல்லை. உங்களுக்குப் பிடித்த நிறத்தை ஒரு பெரிய பலகையில் அடித்து, அதே சுவரில் சாய்த்து, காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் பாருங்கள். மூன்றிலும் பிடித்திருந்தால் தயங்காமல் அடியுங்கள்.

கேள்வி: குளியலறைக்கு மொராக்கோவின் தடலாக்ட் பூச்சு?

பதில்: அருமையான பூச்சு. சுண்ணாம்பைக் கல்லால் தேய்த்து மெருகேற்றி, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பால் மூடுவார்கள், தண்ணீர் இறங்காது. பழகிய கை இல்லாமல் தொடாதீர்கள். ஆசிட் கலந்த கழுவுபொருள் பட்டால் பூச்சு அரித்துப்போகும்.

கேள்வி: சாண்டோரினி நீலக் கதவு, வெள்ளைச் சுவர். உங்கள் கருத்து?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பாலியில் பார்த்தது போல் கூரையில்லாக் குளியலறை?

பதில்: மழைநீர் எங்கே போகும்?

கேள்வி: ஜப்பானிய எங்காவா திண்ணை வைக்க நடுச்சுவர் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்கலாமா?

பதில்: சுவரைப் பற்றி ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் அழைத்துக் கேளுங்கள்; எழுத்தில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்காவாவுக்கு உயிர், மேலே நீளும் இறவாரம். உச்சியில் நிற்கும் கோடை வெயிலை அது மறிக்கும், தாழ்ந்து வரும் குளிர்கால வெயிலை உள்ளே விடும். தரையிலிருந்து உட்காரும் உயரத்தில் பலகை இருக்கட்டும்.

கேள்வி: சாண்டோரினி வெள்ளைக்கு எந்தப் பெயிண்ட்...

பதில்: மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (பாவா பற்றிக் கேட்டவர்): அடுத்த மாதம் பயணம் போகிறேன். டேப் வாங்கிவிட்டேன். எதை அளப்பது?

பதில்: ஏறும்போது கால் களைக்காத படிக்கட்டைக் கண்டால் ஒரு படியின் உயரத்தையும் அகலத்தையும் எடுங்கள். உட்கார்ந்தபடியே வெளியே பார்க்க முடிகிற ஜன்னலின் அடிக்கட்டை உயரம். இறவாரம் சுவரைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்பது. பக்கத்திலேயே அப்போது மணி என்ன, வெயில் எந்தப் பக்கம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.